குப்பைமேட்டில் என்ன மிஞ்சுகிறது? செட்டிநாட்டுச் செம்மண்ணும் ஊட்டமேற்றிய எருவும்

வைகாசி பிறந்தால் காரைக்குடி, கல்லல், தேவகோட்டைப் பக்கத்து ஊர்களில் டிராக்டர் டிராக்டராகக் குப்பை வயலுக்குப் போகும். ஆங்காங்கே சிறு குவியலாகக் கொட்டிவிட்டு, மழை வரட்டும் உழுதுகொள்ளலாம் என்று வந்துவிடுவார்கள். அந்தக் குவியல் ஆவணி வரைக்கும் அப்படியே வெயிலில் காயும். கடைசியில் நிலத்துக்குள் போவது என்னவென்று பார்த்தால் பாதி செம்மண், கொஞ்சம் சரளைக்கல், கருகிப்போன வைக்கோல். பயிருக்கு வேண்டிய தழைச்சத்தில் (நைட்ரஜன்) நல்ல பங்கு ஏற்கனவே காற்றோடு போயிருக்கும். அப்புறம் 'அஞ்சு வண்டி எரு அடிச்சேன், ஒண்ணும் தெரியலையே, இயற்கை உரமெல்லாம் சும்மா பேச்சு' என்று டீக்கடையில் ஒரு வழக்கு நடக்கும்.

எருவைக் குறை சொல்வதற்கு முன் அதில் என்ன இருக்கிறது என்பதைக் கணக்குப் பார்த்துவிடலாம். நல்ல தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 0.2 சதம், சாம்பல் சத்து (பொட்டாஷ்) அரை சதம், அவ்வளவுதான். ஒரு டன் எருவில் 5 கிலோ தழை, 2 கிலோ மணி, 5 கிலோ சாம்பல். இதிலும் தழைச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு அந்தப் போகத்துக்குக் கிடைத்தாலே பெரிது, மீதி மெல்ல மெல்லத்தான் வெளிவரும். ஒரு டன் நெல் விளைய 15 முதல் 20 கிலோ தழைச்சத்தைப் பயிர் எடுத்துக்கொள்கிறது. எக்டருக்கு 12.5 டன், அதாவது ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் போடச் சொல்வது இதனால்தான். சொல்வது சரி, அவ்வளவு எருவுக்கு எங்கே போவது? ஒரு மாடு நாளைக்குப் பத்து கிலோ சாணி போட்டாலும், அது மக்கிச் சுண்டினபிறகு வருஷத்துக்கு ஒன்றரை, இரண்டு டன் தேறினால் அதிகம். ஏக்கருக்கு மூன்று மாடு வேண்டும். உழவு மாடெல்லாம் போய் டிராக்டர் வந்த ஊரில், வீட்டுக்கு ஒரு கறவை மாடு இருந்தாலே ஆச்சரியம்.

ஆக அளவை வைத்து இந்தக் கணக்கு நேராகாது. கையில் இருக்கிற கொஞ்ச எருவைக் கெடாமல் காப்பாற்றி, இந்த மண்ணில் குறைகிற சத்தை அதில் ஏற்றி, விதைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தால்தான் உண்டு. ஊட்டமேற்றிய தொழு உரம் என்று வேளாண் துறைக்காரர்கள் சொல்வது இதைத்தான். பெயர்தான் பெரிது, வேலை சின்னது.

முதலில் மண். செட்டிநாடு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு வீடும் சமையலும் நினைவுக்கு வரும், சம்சாரிக்குச் செம்மண்ணும் அதற்கு அடியில் செம்பராங்கல்லும்தான். பல இடத்தில் ஓரடி, ஒன்றரையடிக்குக் கீழே கடப்பாரை 'ணங்' என்று நிற்கும். வருஷத்துக்கு ஏறக்குறைய 900 மி.மீ. மழை, அதிலும் நல்ல பங்கு ஐப்பசி கார்த்திகையில் அடித்துப் பெய்து ஓய்ந்துவிடும். கண்மாய்த் தண்ணீரை நம்பி ஒரு போகம் நெல், மேட்டில் கடலை. இந்த மண்ணில் களிமண் குறைவு, மக்கு (மக்கிய கரிமப் பொருள்) குறைவு, அதனால் சத்தைப் பிடித்து வைக்கும் தெம்பும் குறைவு. போட்ட யூரியாவைப் பெருமழை ஒன்று கழுவிக்கொண்டு போய்விடும். மணிச்சத்தின் கதை இதற்கு நேர் எதிர். மண்ணைச் சிவப்பாக்குகிற அதே இரும்பும், கூடவே இருக்கிற அலுமினியமும் மணிச்சத்தைக் கண்டவுடன் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். புளிப்பு கூடின மண்ணில் இந்தப் பிடி இன்னும் இறுகும். வசூலாகாத கடன் மாதிரி, பேரேட்டில் இருக்கும், கைக்கு வராது. வருஷா வருஷம் டிஏபி என்கிற மணிச்சத்து உரம் போட்டும் நாற்று ஊதா பாய்ந்து, வேர் கட்டாமல் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எருவோடு கலந்து போட்டால் மட்டும் ஏன் கிடைக்கிறது என்று கேட்டால், எரு மக்கும்போது வருகிற கரிம அமிலங்கள் இரும்பையும் அலுமினியத்தையும் தாங்களே போய்ப் பற்றிக்கொள்கின்றன. மணிச்சத்துக்கு அங்கே இடம் குறைந்துபோகிறது. அதோடு, மணிச்சத்தில் ஒரு பங்கை எருவில் இருக்கும் நுண்ணுயிர்கள் தின்று தங்கள் உடம்பில் வைத்துக்கொண்டு, அவை சாகச் சாக கொஞ்சம் கொஞ்சமாகப் பயிருக்கு விடுகின்றன. நேரே மண்ணில் விழுந்திருந்தால் வாரக்கணக்கில் கட்டுண்டு போயிருக்கும் சத்து இப்படி எருவுக்குள் ஒளிந்து வேர் வரும் வரைக்கும் காத்திருக்கிறது.

இப்போது குப்பைமேட்டுக்கு வருவோம், ஏனென்றால் நஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது. மாடு வெளியேற்றும் தழைச்சத்தில் கிட்டத்தட்டப் பாதியும், சாம்பல் சத்தில் பெரும்பகுதியும் மூத்திரத்தில்தான் இருக்கின்றன. மணிச்சத்து மட்டும் ஏறக்குறைய முழுவதும் சாணியோடு வருகிறது. நாம் சாணியை அள்ளிச் சேர்த்துவிட்டு மூத்திரத்தைச் சிமெண்டுத் தரையில் கழுவிச் சாக்கடைக்கு விடுகிறோம். பழைய கொட்டில்களில் தரையில் செம்மண்ணைப் பரப்பி, அது நனைந்து நாற்றமெடுத்ததும் சுரண்டிக் குழியில் போட்டுவிட்டுப் புதுமண் போடுவார்கள். அந்த மூத்திர மண் நல்ல தழைச்சத்து உரம். வைக்கோல் கழிசலைப் பரப்பினாலும் இதே வேலையைச் செய்யும். சிமெண்டுத் தரை போட்டவர்கள் ஒரு வாய்க்கால் வெட்டிக் குழிக்குள் விட்டாலே போதும்.

குப்பைமேட்டில் நடக்கிற இன்னொரு தப்பு, அடுப்புச் சாம்பல். சாம்பல் நல்ல உரம்தான், புளித்த செம்மண்ணுக்கு இரண்டு வகையில் நல்லது, சாம்பல் சத்தும் தரும், புளிப்பையும் முறிக்கும். ஆனால் அதைப் பச்சைச் சாணியிலும் மூத்திரத்திலும் கொட்டினால் அதன் காரத்தன்மை அம்மோனியாவைக் கிளப்பிவிடும். மேட்டுக்குப் பக்கத்தில் போனால் மூக்கில் சுருக்கென்று ஏறுகிறதே, அது தழைச்சத்து ஊரைவிட்டுப் போகிற வாசனை. சாம்பலைத் தனியே ஒரு பானையிலோ சாக்கிலோ நனையாமல் சேர்த்து வைத்து நேரே நிலத்தில் தூவுவதுதான் முறை.

'ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம்' என்ற பழமொழி இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதற்குள் நல்ல அறிவியல் இருக்கிறது. எந்தக் குப்பையிலும் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் ஒரு விகிதம் உண்டு. வைக்கோலில் அது 80க்கு 1 வாக்கில் இருக்கும். 30க்கு மேல் போனால் அதை மக்கவைக்கிற நுண்ணுயிர்களுக்கே தழைச்சத்து பற்றாது, அவை மண்ணில் இருப்பதையும் எடுத்துத் தின்னும், பயிர் மஞ்சளடிக்கும். 20க்குக் கீழே வந்துவிட்டால் மிச்சம் பயிருக்கு வரும். ஆட்டுப் புழுக்கையில் தழைச்சத்து சுமார் 3 சதம், விகிதமும் குறுகல், ஆகவே உடனே வேலை செய்கிறது. கழிசலும் வைக்கோலும் கலந்த மாட்டுக் குப்பைக்கு ஒரு மழைக்காலம் தேவைப்படுகிறது. ஆடுகளை இரவில் வயலிலேயே அடைத்துக் கிடை போடுவதில் இருக்கும் பெரிய லாபம், புழுக்கையும் மூத்திரமும் ஒரே இடத்தில், சேதாரமில்லாமல், வண்டிக்கூலியும் இல்லாமல் நிலத்துக்குள்ளேயே இறங்கிவிடுவது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் அறுப்பு முடிந்ததும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராக வருவது இதற்குத்தான். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும், கிடை எழுப்பின மறுநாளே ஒரு உழவு போட்டு மூடிவிட வேண்டும். பங்குனி வெயிலில் நாலு நாள் காயவிட்டால் கீதாரிக்குக் கொடுத்த காசில் பாதி ஆவியாகிவிடும்.

விகிதத்தின் கொடுமையைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் சிங்கம்புணரிக்குப் போகலாம். கயிறு திரிக்கும் ஊர், தென்னை நார்க்கழிவு மலைமலையாகக் கிடக்கும். பார்க்கக் கருப்பாக, மெத்தென்று, எருவைப் போலவே இருப்பதால் சும்மா கிடைக்கிறதென்று அப்படியே அள்ளி வந்து போட்டவர்கள் உண்டு. அதில் கரிம விகிதம் 112க்கு 1! போட்ட இடத்தில் பயிர் வெளுத்துப்போனால் வியப்பில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறையில், ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகத் தூவி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால், சுமார் 2 மாதத்தில் அந்த விகிதம் 24க்கு 1 ஆக இறங்கும், தழைச்சத்து 0.26 சதத்திலிருந்து 1.06க்கு ஏறும். தண்ணீரைப் பிடித்து வைப்பதில் இதற்கு ஈடு குறைவு, நம் செவல் (செம்மண்) மேட்டுக்கு அது பெரிய விஷயம்.

சரி, ஊட்டமேற்றுவது எப்படி? எக்டருக்கு 750 கிலோ, ஏக்கருக்கு 300 கிலோ தொழு உரம் போதும். 5 டன்னோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரு கறவை மாடு வைத்திருப்பவர் நாலைந்து ஏக்கருக்குச் செய்யலாம். எரு நன்றாக மக்கியதாக இருக்க வேண்டும், சாணிக் கட்டி உடைத்தால் உள்ளே பச்சை தெரியக் கூடாது. கல்லையும் பிளாஸ்டிக்கையும் பொறுக்கிவிட்டுச் சல்லடையில் சலித்தால் நல்லது. மானாவாரி நெல்லுக்கு ஏக்கருக்கு 10 கிலோ மணிச்சத்து என்று எடுத்துக்கொண்டால், 16 சதம் மணிச்சத்துள்ள சூப்பர் பாஸ்பேட் உரத்தில் அது 62 கிலோ, ஒரு மூட்டையும் கால் மூட்டையும். புங்கமரத்தடி மாதிரி நிழலான இடமாகப் பார்த்து, தண்ணீர் தேங்காத மேட்டில், ஒரு சாண் எரு, மேலே ஒரு பிடி ஒரு பிடியாகச் சூப்பர் பாஸ்பேட், தண்ணீர் தெளிப்பு, மறுபடி எரு என்று அடுக்க வேண்டும். ஈரம் எவ்வளவு என்பதற்குக் கைதான் அளவு. ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் அழுகும், உதிர்ந்தால் உறங்கும். அடுக்கி முடித்து, சாணியும் செம்மண்ணும் குழைத்து மேலே ஒரு பூச்சுப் பூசி மூடிவிடுங்கள். வெடிப்பு விட்டால் ஈரக்கையால் தடவி அடைத்துவிடலாம். முப்பது நாள்.

திறந்து பார்க்கும்போது அடையாளம் தெரியும். பூச்சை உடைத்தால் மூக்கைக் குத்தாது, முதல் மழையில் வருகிற மண்வாசனை வரும், வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சை ஓடியிருக்கும், சூப்பர் பாஸ்பேட்டின் சாம்பல் நிறக் குருணை அநேகமாகக் கண்ணில் படாது. குத்துகிற வாசனை வந்தால் எரு மக்கவில்லை என்று அர்த்தம், இன்னும் ஒரு வாரம் மூடிவையுங்கள். இதில் ஒரு கூடுதல் லாபமும் இருக்கிறது. சூப்பர் பாஸ்பேட்டின் அமிலமும் அதிலிருக்கும் ஜிப்சமும் சேர்ந்து எருவிலிருந்து கிளம்புகிற அம்மோனியாவை மடக்கிப் பிடித்துவிடும். மணிச்சத்தை ஏற்றப்போய்த் தழைச்சத்தையும் காப்பாற்றுகிறோம்.

புழுதி விதைப்பு ஆவணி கடைசியிலோ புரட்டாசியிலோ என்றால், ஆடி முடிவதற்குள் இந்த எருமேட்டைப் போட்டுவிட வேண்டும். விதைக்கிற அன்று காடு முழுக்க வீசாமல் விதை விழும் உழவுச் சாலிலேயே போடுவது முக்கியம். 300 கிலோவை ஏக்கர் முழுதும் இறைத்தால் சதுர மீட்டருக்கு ஒரு கைப்பிடிகூட வராது, சாலில் போட்டால் ஒவ்வொரு வேரும் அதைத் தொட்டுத்தான் இறங்கும். டிராக்டரில் விதைக்கும் கருவி வைத்திருப்பவர்கள் எருவை நன்றாகச் சலித்துக் காயவைத்தால் உரப்பெட்டி வழியாகவே விடலாம், கட்டி இருந்தால் அடைத்துக்கொண்டு உயிரை வாங்கும்.

சூப்பர் பாஸ்பேட் ரசாயனமாயிற்றே என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். இயற்கை விவசாயச் சான்று வாங்குபவர்கள் அதைத் தொடக் கூடாதுதான், அவர்களுக்கு ராக் பாஸ்பேட்டும் எலும்புத் தூளும் இருக்கின்றன. ராக் பாஸ்பேட் வெறும் பாறைத்தூள், கார மண்ணில் வருஷக்கணக்கில் கரையாமல் கிடக்கும், ஆனால் புளித்த செம்மண்ணில் மண்ணே அதைக் கரைக்கும். எருவோடு ஒரு மாதம் கிடந்தால் இன்னும் சுலபம். எலும்புத் தூளில் மணிச்சத்து 20 சதம் வாக்கில் உண்டு. சான்று வேண்டாதவர்கள் ஒன்றேகால் மூட்டை சூப்பர் பாஸ்பேட்டுக்காகக் குற்றவுணர்ச்சி படத் தேவையில்லை என்பது என் கட்சி. எருவோடு சேர்த்தால் ரசாயன உரத்தின் வீண்சேதாரம் குறைகிறது, அதற்கு மேல் கொள்கைச் சண்டை எனக்கு வேண்டாம்.

நுண்ணுயிர் உரப் பாக்கெட்டுகளை எப்போது சேர்ப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் அசோஸ்பைரில்லமும், மணிச்சத்தைக் கரைக்கும் பாஸ்போபாக்டீரியாவும் உயிருள்ளவை. புதிதாகக் கலந்த சூப்பர் பாஸ்பேட்டின் அமிலத்திலோ, மேடு சூடேறும்போதோ போட்டால் செத்துப்போகும், காசு வீண். மேட்டைத் திறந்து, சூடு தணிந்தபிறகு, ஏக்கருக்கு வகைக்கு நாலு பாக்கெட்டைப் பத்து கிலோ எருவிலும் பத்து கிலோ மண்ணிலும் கலந்து, விதைப்பன்று நிழலிலிருந்து நேரே நிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கடலைக்கு அசோஸ்பைரில்லத்துக்குப் பதில் ரைசோபியம். பாக்கெட்டில் காலாவதித் தேதியைப் பாருங்கள், வெயில் படுகிற அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிற கடையில் வாங்காதீர்கள்.

துத்தநாகக் குறை உள்ள நெல் வயலுக்கு ஜிங்க் சல்பேட்டையும் எருவில் ஏற்றலாம், ஆனால் சூப்பர் பாஸ்பேட் மேட்டில் சேர்க்காமல் தனி எருவில். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பயிருக்குக் கிடைப்பது குறைந்துபோகும்.

கடலைக்காரர்களுக்கு இரண்டு வார்த்தை. காய் பொக்காகப் போவது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துக் குறையால். கடலைக் காய் அந்தச் சத்தை வேர் வழியாக வாங்காமல், மண்ணுக்குள் இறங்குகிற விழுதிலும் தோட்டிலும் நேரே உறிஞ்சுகிறது. ஆகவே எருவில் எவ்வளவு ஏற்றினாலும், 40, 45 நாளில் ஏக்கருக்கு 160 கிலோ வாக்கில் ஜிப்சம் தூவி மண் அணைக்கிற வேலை தனிதான். இன்னொன்று, அரைகுறையாக மக்கிய எருவைக் கடலைக் காட்டில் போடவே போடாதீர்கள். செவல் மண்ணில் கரையானுக்கு அது விருந்து, வேர்ப்புழுவும் கூடவே வரும். தென்னை வைத்திருப்பவர் வீட்டு எருக்குழியில் கட்டைவிரல் மொத்தத்துக்கு வெள்ளைப் புழு சுருண்டு கிடந்தால் அது காண்டாமிருக வண்டின் புழு, மெட்டாரைசியம் என்கிற பச்சைப் பூஞ்சையைக் கரைத்துக் குழியில் ஊற்றுவது அதற்கு மருந்து.

மக்காத பச்சை எருவில் இந்தப் பக்கத்துக்கே உரிய ஒரு வினையும் இருக்கிறது. சீமைக் கருவேல நெற்றை ஆடும் மாடும் விரும்பித் தின்னும், விதை செரிக்காமல் சாணியோடு வரும், வயிற்றில் ஊறிவந்த விதை சும்மா விழுந்த விதையைவிட வேகமாக முளைக்கும். மக்காத எருவை வயலில் அடிப்பதும் கருவேலம் விதைப்பதும் ஒன்றுதான். குவியல் உள்ளே 55, 60 டிகிரி வரை சூடேறிப் புரட்டிவிடப்பட்டால் பெரும்பாலான விதை வெந்துபோகும். அதே கருவேலத்தைக் கரிமூட்டம் போட்டு விற்கிற ஊர்களில் மூட்டம் பிரித்தபின் மிஞ்சுகிற கரித்தூளை யாரும் சீந்துவதில்லை. அதை மூத்திரத்திலோ சாணிக் கரைசலிலோ ஊறவைத்து எருமேட்டில் கலந்தால் சத்தைப் பிடித்துவைக்க நல்ல பஞ்சு. ஊறவைக்காமல் வெறும் கரியாகப் போட்டால் அது முதலில் மண்ணிலிருக்கும் சத்தைத் தானே இழுத்துக்கொள்ளும்.

கண்மாய்க் கரம்பை (கண்மாயில் படியும் வண்டல்) பற்றி நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சத்தைவிட அதிலுள்ள களிதான் பெரிது, செவல் மண்ணுக்கு இல்லாத பிடிப்பை அது கொடுக்கும். வட்டாட்சியர் அனுமதியோடு அள்ளலாம். அள்ளுவதற்கு முன் ஒரு பிடியை மண் பரிசோதனைக்குக் கொடுத்து உவர் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையமும் செட்டிநாட்டு மானாவாரி ஆராய்ச்சி நிலையமும் பக்கத்திலேயே இருக்கின்றன, கேட்க வெட்கப்பட வேண்டாம்.

கடைசியாக, கோபம் வந்தாலும் பரவாயில்லை என்று சொல்கிற விஷயம், சாணியையும் மூத்திரத்தையும் புளிக்கவைத்துச் செய்யும் கரைசல்கள். ஜீவாமிர்தத்தில் ஏக்கருக்கு 200 லிட்டருக்கு 10 கிலோ சாணி, 10 லிட்டர் மூத்திரம், 2 கிலோ பயறு மாவு, 2 கிலோ நாட்டுச்சர்க்கரை. இத்தனையும் சேர்த்துத் தழைச்சத்து எவ்வளவு வரும்? சாணியில் 40 கிராம், மூத்திரத்தில் 100, மாவில் 70, கூட்டினால் கால் கிலோகூட இல்லை. ஒரு டன் நெல்லுக்கு 15 கிலோ வேண்டும். பத்து தடவை விட்டாலும் இரண்டு கிலோ சொச்சம். ஜீவாமிர்தம் நுண்ணுயிரைப் பெருக்கும், கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரவலாக்கிய பஞ்சகவ்யத்தை நூற்றுக்கு மூன்று பங்காகத் தெளித்தால் இலை தெளியும், மறுக்கவில்லை. ஆனால் மண்ணில் மக்கு இருந்தால்தான் அந்த நுண்ணுயிர் தின்ன ஏதாவது இருக்கும். எரு போடாமல், கொழிஞ்சி, தக்கைப்பூண்டு மாதிரிப் பசுந்தாள் உரப்பயிரை மடக்கி உழாமல், கரைசலை மட்டும் நம்பினால் இரண்டு மூன்று வருஷம் பழைய சேமிப்பில் ஓடும், அப்புறம் படுத்துவிடும். கொழிஞ்சி நம் மேட்டுக்கு ஏற்ற பயிர். தோல் கெட்டி என்பதால் மணலோடு தேய்த்து விதைக்க வேண்டும், ஒரு தடவை நிலத்தில் காய்த்து உதிர்ந்துவிட்டால் அடுத்த வருஷங்களில் தானே முளைக்கும்.

கடையில் வாங்குபவர்கள் மூட்டையில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். மண்புழு உரத்துக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணை கேட்கும் குறைந்தபட்சத் தழைச்சத்து 1 சதம், நகரக் குப்பை உரத்துக்கு 0.8. அந்தக் குறைந்தபட்சத்தில் 50 கிலோ மண்புழு உர மூட்டையில் இருப்பது அரைக் கிலோ தழைச்சத்து. 45 கிலோ யூரியா மூட்டையில் 20 கிலோவுக்கு மேல். மூட்டைக்கு மூட்டை என்று ஒப்பிட்டு மண்புழு உரத்தை நெல் வயல் முழுக்க இறைப்பது கட்டுப்படியாகாது. நாற்றங்காலுக்கும் காய்கறிப் பாத்திக்கும் வைத்துக்கொண்டு, வயலுக்கு அதில் ஒரு பங்கை ஊட்டமேற்றும் மேட்டில் கலந்துவிடுங்கள். கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து 7 சதம் இருக்கிறதே என்று அதை நேரே நிலத்தில் போடுவதும் வேண்டாம். மாட்டுக்கு வைத்தால் பாலும் கறக்கும், அந்தத் தழைச்சத்தில் பெரும்பங்கு சாணியிலும் மூத்திரத்திலும் திரும்பவும் வரும். நிலத்துக்கு வேப்பம் புண்ணாக்கு போதும், 5 சதம் சொச்சம் தழைச்சத்தோடு வேர்ப்புழுவையும் கொஞ்சம் அடக்கும்.